வட்டியும் முதலுமாகத் திரும்பிய சிரிப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

தென் இத்தாலியில் கிரேக்கர்கள் குடியேறி வாழ்ந்த எலேயா நகரில், கி.மு. 5ஆம் நூற்றாண்டில், பார்மெனிடிஸ் என்ற மெய்யியலாளர் உள்ளது ஒன்றே, அது அசைவதுமில்லை, மாறுவதுமில்லை என்றார். பலர் சிரித்தார்கள். அவருடைய மாணவர் ஜீனோவுக்கு அது பொறுக்கவில்லை. ஆசிரியரைக் கேலி செய்தவர்களுக்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுக்கவே தாம் நூல் எழுதியதாக, பிளேட்டோவின் உரையாடல் ஒன்றில் அவரே சொல்கிறார்.

திருப்பிக் கொடுத்த விதம்தான் அழகு. கால்வேகத்துக்குப் பெயர்போன வீரன் அக்கிலீஸ், ஓர் ஆமையோடு போட்டியிடுகிறான். ஆமை 100 மீட்டர் முன்னால் நிற்கிறது. அக்கிலீஸுக்கு அதைவிடப் பத்து மடங்கு வேகம் என்று வைத்துக்கொள்வோம். அவன் அந்த 100 மீட்டரைக் கடப்பதற்குள் ஆமை 10 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்தப் பத்தைக் கடப்பதற்குள் இன்னும் ஒரு மீட்டர். அதையும் கடப்பதற்குள் மேலும் 10 சென்டிமீட்டர். ஆமை விட்டுப்போன இடத்துக்கே அவன் மூச்சிரைக்க வந்து சேர்ந்துகொண்டிருக்கிறான். அப்படியானால் அவன் ஆமையை எட்டவே முடியாது; அசைவு உண்டு என்று நம்பினால் இப்படித்தான் சிக்குவீர்கள் என்பது ஜீனோவின் பதிலடி. அரிஸ்டாட்டில் இதை எடுத்துரைக்கும்போது 'மிக மெதுவாக ஓடுவது' என்று மட்டுமே சொல்கிறார். ஆமை பிற்கால உரையாசிரியர்களிடம்தான் தலைகாட்டுகிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

அசைவே இல்லை என்று வாதிட்ட ஒருவருக்கு முன்னால் டயோஜினிஸ் என்ற கிரேக்க மெய்யியலாளர் பேசாமல் எழுந்து நடந்து காட்டினாராம். ஆனால், கால் நடக்கிறதா என்று ஜீனோ கேட்கவில்லை. முடிவில்லாத படிகளை ஒருவன் எப்படி முடிக்கிறான் என்றுதான் கேட்டார். அக்கிலீஸ் ஆமையை எட்டும் இடம் 111 மீட்டருக்குச் சற்று அப்பால் என்று நாம் இன்று எளிதாகக் கணக்கிடுகிறோம். எனினும் முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகை என்றால் என்ன என்பதற்கு, 1821இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி எழுதிய பாடநூலில்தான் தெளிவான வரையறை கிடைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது தினைப் புதிர். ஒரு தினை விழுந்தால் ஓசை எழுமா என்று ஜீனோ, புரோட்டகோரஸ் என்ற கிரேக்கச் சிந்தனையாளரைக் கேட்கிறார். எழாது என்கிறார் அவர். ஒரு மூட்டை தினை விழுந்தால்? எழும். அப்படியானால் மூட்டைக்கும் ஒரு தினைக்கும் அளவில் ஒரு விகிதம் இருப்பதுபோல, அவற்றின் ஓசைகளுக்கும் அதே விகிதம் இருக்க வேண்டாமா? சிறு பகுதி தனியாகக் காற்றை அசைக்க வேண்டியதில்லை என்று அரிஸ்டாட்டில் பின்னாளில் விடை சொன்னார். ஊர் அடங்கிய ஓர் இரவில், அடுக்களைத் தரையில் ஒரு தினையைப் போட்டுக் காது கொடுத்தேன், ஒன்றும் கேட்கவில்லை. ஒரு பிடி அள்ளிப் போட்டேன். தூறல் விழுவதுபோல் கேட்டது.