தங்கையா, மகளா?

நேயர்களுக்கு வணக்கம். காலப் பயணப் படம் என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஏதாவது ஓர் இயந்திரம். புகை, மின்னல், பின்னோக்கிச் சுழலும் கடிகார முட்கள். இன்று நான் பேச வந்திருக்கும் படத்தில் இவை எதுவும் கிடையாது. நாயகன் துணி அலமாரிக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்கிறான். இருட்டில் நின்று இரண்டு கைகளையும் இறுக மூடி, எந்த நாளுக்குப் போக வேண்டுமோ அதை நினைக்கிறான். போய்விடுகிறான். அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'அபவுட் டைம்'. 2013இல் வெளிவந்த பிரிட்டிஷ் படம். எழுதி இயக்கியவர் ரிச்சர்ட் கர்ட்டிஸ். 'நாட்டிங் ஹில்' படத்தை எழுதியவர், 'லவ் ஆக்சுவலி'யை எழுதி இயக்கியவர். அதனால் இதையும் காதல் படமாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். போஸ்டரில் சிவப்பு உடையில், மழையில் நனைந்து சிரிக்கிறாள் மணப்பெண். காதல் இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் காதலும் கல்யாணமும் முடிந்த பிறகுதான் இந்தப் படம் தன் உண்மையான விஷயத்துக்கு வருகிறது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கார்ன்வால். கடலைப் பார்த்த பெரிய வீடு. அப்பா, அம்மா, மகன் டிம், தங்கை கிட்கேட், கூடவே எதையும் மறந்துபோகும் ஒரு மாமா. டிம்முக்கு 21 வயதானதும் அப்பா அவனை அழைத்து, நம் குடும்பத்து ஆண்களால் கடந்த காலத்துக்குப் போக முடியும் என்கிறார். தன் வாழ்க்கையில் தான் இருந்த இடத்துக்கு, இருந்த நாளுக்கு மட்டும் போகலாம். சரித்திரத்தை எல்லாம் மாற்ற முடியாது. அப்பாவாக பில் நைய், மகனாக டோம்னல் க்ளீசன். இந்த இருவரும் எதிரெதிரே நின்று பேசும் காட்சிகளுக்காகவே படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். அப்பா இந்த வரத்தை வைத்துப் பணம் சேர்க்கவில்லை. புத்தகம் படித்திருக்கிறார்.

முதல் பாதியில் டிம் இதைக் காதலுக்குப் பயன்படுத்துகிறான். லண்டனில், விளக்கே இல்லாத ஓர் உணவகத்தில், முகம் தெரியாமலே மேரி என்ற பெண்ணைச் சந்திக்கிறான். அவள் எண்ணையும் வாங்கிக்கொள்கிறான். அதே இரவில் அவன் தங்கியிருக்கும் வீட்டுக்காரரின் நாடகம் மேடையில் சொதப்பிவிடுகிறது. பாவம் என்று, டிம் அந்த மாலைக்கே திரும்பிப் போய் நாடகத்தைக் காப்பாற்றுகிறான். நாடகம் வெற்றி. ஆனால் அந்த மாலையில் அவன் உணவகத்துக்குப் போகவே இல்லையே! மேரியின் எண் அவன் போனில் இல்லை. ஒருவருக்குச் செய்த உதவி இன்னொருவரை அவனிடமிருந்து பறித்துக்கொண்டது. இந்த இடத்தில் இது வேடிக்கையாகத்தான் வருகிறது. எப்படியோ தேடி மேரியை மறுபடியும் கண்டுபிடித்துவிடுகிறான். பின்னால் வரப்போகும் பெரிய அடிக்கு இயக்குநர் இங்கேயே நம்மைத் தயார்செய்கிறார் என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் புரிகிறது.

அந்த அடி தங்கை வழியாக வருகிறது. கிட்கேட் வெள்ளந்தியானவள். எந்த வேலையிலும் நிலைப்பதில்லை. குடிக்கிறாள். ஜிம்மி என்ற பொருந்தாத ஒருவனை விட முடியாமல் தவிக்கிறாள். டிம்மின் மகள் போஸியின் முதல் பிறந்தநாளன்று குடித்துவிட்டுக் கார் ஓட்டி விபத்தில் சிக்குகிறாள். மருத்துவமனைப் படுக்கையில் அவளைப் பார்த்துவிட்டு எந்த அண்ணன் சும்மா இருப்பான்? டிம் போகிறான். விபத்தை மட்டும் தடுத்தால் போதாது, வேரையே பிடுங்க வேண்டும் என்று முடிவெடுக்கிறான். தங்கையிடம் ரகசியத்தைச் சொல்லி, அவளையும் கூட்டிக்கொண்டு, ஜிம்மியை அவள் முதன்முதலில் சந்தித்த இரவுக்கே போய் அந்தச் சந்திப்பை நடக்கவிடாமல் செய்கிறான்.

திரும்பி வந்தால் எல்லாம் நலம். தங்கை தெளிவாக, சந்தோஷமாக இருக்கிறாள். நிம்மதியோடு வீட்டுக்குப் போகிறான். அங்கே குழந்தை இருக்கிறது. ஆனால் அது போஸி இல்லை. ஓர் ஆண் குழந்தை.

இந்தக் காட்சியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக இருக்கிறது. மேரிக்கு அது அவள் பெற்ற மகன். வீட்டில் யாருக்கும் எந்த இழப்பும் நடக்கவில்லை. போஸி என்று ஒருத்தி இருந்தாள், ஒரு வயது நிறைந்திருந்தது என்று அறிந்தவன் உலகத்தில் டிம் ஒருவன்தான். அப்பாவிடம் ஓடுகிறான். அவர் விளக்குகிறார்: குழந்தை கருவாகும் நொடி கொஞ்சம் பிசகினாலும் பிறப்பது வேறு குழந்தை. அதனால் பிள்ளை பிறந்தபின், அதற்கு முந்தைய நாட்களைத் தொடக்கூடாது.

டிம் என்ன செய்கிறான்? செய்ததைத் திருப்பிவிடுகிறான். அதாவது, தன் தங்கை அந்தக் காரில் ஏறி அடிபடட்டும் என்று விடுகிறான். தெளிவாக, சந்தோஷமாக இருந்த அந்தத் தங்கை இனி இல்லை. இதைப் படம் சில நிமிடங்களில் கடந்துபோகிறது. நான் கடக்கத் தயாராக இல்லை. குடும்பப் பாசம் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், அது ஏதோ ஒரே பொருள் மாதிரி. தங்கையின் மேலுள்ள பாசமும் மகளின் மேலுள்ள பாசமும் நேருக்கு நேர் மோதும் ஓர் இடம் இருக்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறு காலப் பயணப் படத்தை நான் பார்த்ததில்லை. டிம் மகளைத் தேர்ந்தெடுக்கிறான். ஒரு தகப்பனாக வேறு எதையும் செய்திருக்க முடியாது என்றே நானும் நினைக்கிறேன். அதற்காக அந்தப் படுக்கையின் கனம் குறைந்துவிடாது. அப்புறம் அவனும் மேரியும் கட்டிலருகே உட்கார்ந்து தங்கையிடம் பேசுகிறார்கள். ஜிம்மியை விட்டு விலகும் முடிவை அவளே எடுக்கிறாள். கடந்த காலத்தில் ஒரே இரவில் முடிந்த காரியம் நிகழ்காலத்தில் நாள்கணக்கில் நடக்கிறது.

1985இல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தை இதோடு வைத்துப் பாருங்கள். அதுவும் குடும்பப் படம்தான். தன் அப்பாவின் பள்ளி ஆண்டு மலரைப் புரட்டியபோது, நானும் அப்பாவும் ஒரே வகுப்பில் படித்திருந்தால் நண்பர்களாகியிருப்போமா என்று தோன்றியதிலிருந்து அந்தக் கதை பிறந்தது என்று அதன் எழுத்தாளர் பாப் கேல் சொல்லியிருக்கிறார். அருமையான விதை. நாயகன் மார்ட்டி 1955க்குப் போகிறான். அண்ணனும் அக்காளும் நிற்கும் புகைப்படத்திலிருந்து ஒவ்வொருவராக மறையத் தொடங்குகிறார்கள். கடைசியில் 1985க்குத் திரும்பும்போது கூனிக் குறுகி நின்ற அப்பா நிமிர்ந்து நிற்கிறார், வாசலில் புது வண்டி. மார்ட்டி மகிழ்கிறான், நாமும் மகிழ்கிறோம். ஆனால் அவனை வளர்த்த அந்தப் பழைய அப்பா எங்கே? 17 வருடம் அவன் பார்த்து வளர்ந்த மனிதர் அவர். அவருக்காக ஒரு நிமிடம்கூட யாரும் வருந்துவதில்லை. 'அபவுட் டைம்' அந்த ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்கிறது.

நம் வீடுகளில் கேட்டிருப்பீர்கள். அந்தக் கல்யாணத்துக்கு நான் தலையாட்டியிருக்கவே கூடாது என்று ஒரு பெண் அழுவாள். அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் தலையைக் கோதிக்கொண்டே அழுவாள். இரண்டுமே உண்மை. ஒன்றை அழித்து இன்னொன்றை வைத்துக்கொள்ள அவளால் முடியாது.

படத்தின் கடைசிப் பகுதி அப்பாவுடையது. அவருக்கு நுரையீரல் புற்றுநோய். பின்னால் போய்ப் புகைப்பதை நிறுத்திவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நிறுத்தினால் டிம்மும் கிட்கேட்டும் வேறு யாரோவாகப் பிறந்திருப்பார்கள். அதே விதி. போஸிக்காக மகன் என்ன செய்தானோ, அதையேதான் அப்பாவும் தன் பிள்ளைகளுக்காகச் செய்திருக்கிறார், தன் உயிரை வைத்து.

அவர் இறந்த பிறகும் டிம் அவரைப் பார்க்கப் போய்வருகிறான். பழைய ஒரு நாளுக்குப் போய், டேபிள் டென்னிஸ் ஆடிவிட்டு, பேசிவிட்டு வருகிறான். அப்போது மேரி இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்கிறாள். மூன்றாவது குழந்தை பிறந்தால் அப்பாவிடம் போகும் வழி அடைபடும். தயங்குகிறான், பிறகு சம்மதிக்கிறான். பிரசவத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை போகிறான். எதையும் மாற்றாமல் கவனமாக இருப்போம் என்று சொல்லிக்கொண்டு, அப்பாவும் மகனும் டிம்மின் சிறுவயது நாள் ஒன்றுக்குப் போய்க் கடற்கரையில் ஓடுகிறார்கள். கவனமாக இருந்தால் போகலாம் என்றால் அப்புறமும் போயிருக்கலாமே என்று கறாரான ரசிகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். எனக்கு அந்த ஓட்டை பெரிதாகத் தெரியவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. இந்த வரம் ஆண்களுக்கு மட்டும் ஏன்? கிட்கேட்டுக்கு இருந்திருந்தால் அவள் எங்கே போயிருப்பாள், யாரைக் காப்பாற்றியிருப்பாள்? அதைவிட, மேரிக்குக் கடைசிவரை எதுவும் தெரியாது. மூன்றாவது குழந்தை வேண்டுமென்று அவள் கேட்டபோது அவன் எதை விட்டுக்கொடுத்துச் சரி என்றான் என்பதும் தெரியாது, இடையில் ஒருமுறை தன் மகள் இல்லாமலே போயிருந்தாள் என்பதும் தெரியாது. போஸி அவளுக்கும் மகள். ஆபத்தில் இருந்த தங்கையிடம் சொல்ல முடிந்த ரகசியத்தை, மூன்று பிள்ளைகளைப் பெற்றவளிடம் டிம் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. படம் பார்த்தவர்களில் பாதிப் பேராவது இதை மறுப்பார்கள். வீட்டில் மனைவியோடு, கணவனோடு சேர்ந்து பாருங்கள். பார்த்து முடித்ததும், நீ என்னிடம் சொல்லியிருப்பாயா என்று ஒருவரையொருவர் கேளுங்கள். வணக்கம்.