சீமெந்துப் பையின் உட்தாள்

நேயர்களுக்கு வணக்கம். முறையாகச் சித்திரம் படிக்காமல், கையில் அகப்பட்டதை வைத்து வரையும் ஒருவரைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். புதுக்குடியிருப்புப் பக்கத்தவர். மேசன்மாருக்குக் கையுதவியாகப் போகிறவர். பெயரைச் சொல்ல வேண்டாம் என்றார், சரி, சொல்லவில்லை. 'வசதியில்லாமலே இவ்வளவு வரைகிறாரே, பாவம்' என்று அவரைப் பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். சித்திரம் படிப்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு அந்தப் பாராட்டுப் பிடிப்பதில்லை. அது படத்தை விட்டுவிட்டுப் பொக்கற்றைப் பார்ப்பது.

முதலில் படத்தைப் பார்ப்போம். ஏ9 வீதியில் வீடுகள் வரிசையாக நடந்து போகின்றன. ஓட்டு வீடு, கொட்டில், தகரக் கொட்டகை எல்லாவற்றுக்கும் மாட்டுக் கால்கள். ஆள் ஒருவரும் இல்லை. "ஆக்கள் எங்கே?" என்று கேட்டேன். "வீடு முதல்ல போய்ச் சேரட்டும் சேர், பிறகு ஆக்கள் வருவினம்" என்றார். இன்னொன்றில் ஆனையிறவு உப்பளத்தில் கொக்குகள் உப்பு அள்ளுகின்றன, நண்டொன்று கணக்கு எழுதுகிறது. பையில் அச்சடித்திருந்த 50 கிலோ என்பதில் உள்ள பூச்சியம் ஓர் எருமையின் கண்ணாகிவிட்ட படமும் உண்டு. எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

ஆம், அவர் வரைவது சீமெந்துப் பையில். வன்னியில் சீமெந்துக்கு ஒரு கதை இருக்கிறது. யுத்த காலத்தில் உள்ளே கொண்டுவர விடாத சாமான்களில் அதுவும் ஒன்று. 2012இல் இந்திய வீட்டுத்திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. பயனாளிகள் கட்டம் கட்டமாகக் காசு பெற்றுத் தாங்களே வீடு கட்டினார்கள். ஒரு காலத்தில் காணக் கிடைக்காத சீமெந்தின் வெறும் பைகள் வளவுகளில் குவிந்தன. இவர் வேலை செய்த இடங்களில் அவற்றை அடுப்பு மூட்ட எடுத்தார்கள். இவர் கேட்டு வாங்கி வந்தார்.

மலிவு என்பதற்காக மட்டும் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. செய்தித்தாளிலும் வரைந்து பார்த்திருக்கிறார். மரக்கூழிலுள்ள லிக்னினை, அதாவது மரத்தின் நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருளை, நீக்காமல் செய்கிற தாள் அது, வெயில் பட்டால் மஞ்சளாகி நொறுங்கிவிடும். சீமெந்துப் பைத் தாளில் லிக்னினின் பெரும்பகுதியை நீக்கியிருப்பார்கள். நாரும் நீளமானது, லேசில் கிழியாது. அதைவிட முக்கியம் அதன் மண்ணிறம். வெள்ளைத் தாளில் நாம் இருட்டைத்தான் சேர்க்க முடியும், வெளிச்சம் தாளிலேயே இருக்கிறது. மண்ணிறத் தாளில் கரியால் இருட்டுப் பக்கம் போகலாம், வெண்கட்டியால் வெளிச்சப் பக்கமும் போகலாம். உப்பள நிலவை அவர் வெண்கட்டித் துண்டால் இரண்டே இழுப்பில் கொண்டுவந்திருக்கிறார். எங்கள் வகுப்புகளில் இந்த நடுநிறத்தை விளங்கப்படுத்த ஒரு தவணை போய்விடும்.

கரியும் சொந்தத் தயாரிப்பு. மெல்லிய குச்சிகளைப் பால்மா ரின்னில் நெருக்கி அடுக்கி, மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டு, அடுப்புத் தணலில் வைப்பார். துளையால் புகை வருவது நின்றால் கரி தயார். சூடு ஆறமுன் திறந்தால் காற்றுப் பட்டுச் சாம்பல்தான் மிஞ்சும்.

நிறங்களைப் பற்றி அவரிடம்தான் கேட்க வேண்டும். மஞ்சள்தூள் பூசிய இடம் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும். குமிழ்முனைப் பேனையின் மையும் நாளடைவில் மங்கும். றோட்டுக்குப் போடும் கிரவலை அரித்து, தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு எடுத்த சிவப்பு அப்படியே இருக்கும். அது இரும்புத் துரு, வெயில் அதை ஒன்றும் செய்யாது. இதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. ஒரே படத்தில் மூன்று நிறத்தையும் பூசி முற்றத்துக் கொடியில் தொங்கவிட்டுப் பார்த்தவர்.

இப்படியானவர்கள் வேறு இடங்களிலும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1899இல் பிறந்த ஜேம்ஸ் காசில் காது கேளாதவர். அடுப்புக் கரியை எச்சிலில் குழைத்துக் கூர்க்குச்சியால் வரைந்தார். கிறேப் தாளை நனைத்து அதிலிருந்து நிறம் எடுத்தார். அலபாமாவில் அடிமையாகப் பிறந்த பில் டிரெய்லர் எண்பது வயதைத் தாண்டிய பிறகு வரையத் தொடங்கி, சில வருடங்களுக்குள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படங்களை வீசியெறிந்த மட்டைகளில் வரைந்தார். மட்டையின் கிழிந்த ஓரமும் கறையும் அவருடைய படத்துக்குள் வந்துவிடும். எங்கள் எருமைக் கண்ணைப்போல.

நம்முடையவருக்கு இப்போது பிரச்சினை வரைவதில் இல்லை, வரைந்ததை வைத்திருப்பதில்தான். கார்த்திகை, மார்கழி மழையில் தாள் ஈரம் இழுக்கும், பிறகு கறையான் வரும். சுவரோடு சாய்க்காமல், நிலத்திலும் வைக்காமல், பரணில் கம்பி கட்டித் தொங்கவிடும்படி சொல்லியிருக்கிறேன். சிலர் லமினேற் செய்யச் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தச் சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைத் திரும்பக் கழற்ற முடியாது, கரியும் அதோடு போய்விடும்.

வீடு கட்டிக்கொண்டிருக்கும் நேயர்களிடம் ஒன்று கேட்கிறேன். பையைக் கத்தியால் குத்தாமல் தையலைப் பிரித்துத் திறவுங்கள். உள்ளே இரண்டாம் தாள் இருந்தால் அதுதான் நல்லது. வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு தூசைத் தட்டுங்கள், சீமெந்து தோலையும் அரிக்கும். தட்டிய தாளை மடிக்காமல் சுருட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்துச் சித்திர ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். வாங்க மாட்டேன் என்றால் எனக்கு அனுப்புங்கள். வணக்கம்.