கிளாஸ்ல பேசுற ஸ்பானிஷ் நமக்கு பத்தாது

எல்லாருக்கும் வணக்கம். இந்த வேலூர் வெயில்ல கெளம்பி வந்து உக்காந்திருக்கீங்க, அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன். ஸ்பானிஷ் சொல்லித்தர்ற வாத்தியாருக்கே பாஷை மறக்கும்னு சொன்னா வெளியாளுங்க சிரிப்பாங்க, தெனம் அதத்தானே சார் பேசறீங்கன்னு. இன்னா பேசறோம்? என் பேரு இது, எங்க ஊரு வேலூரு, எனக்கு ரெண்டு தங்கச்சி. வருஷா வருஷம் ஏ1, அதாவது ஆரம்ப லெவல் பசங்களுக்கு இதையே மெதுவா, பிச்சி பிச்சி சொல்லிக்கினே இருந்தா நம்ம நாக்கும் அங்கயே நின்னுடுது. 'இரு'ன்னு அர்த்தம் வர்ற செர், எஸ்தார் ரெண்டு வினைக்கும் வித்தியாசம் தூக்கத்துல எழுப்பி கேட்டா கூட சொல்லுவோம், ஆனா ஆசை, சந்தேகம் சொல்ற வினை வடிவமான சப்ஜங்டிவ் போட்டு ஒருத்தர்கிட்ட சண்டை போடணும்னா வாய் வராது. டெலேங்கற ஸ்பானிஷ் பரீட்சை சர்டிபிகேட்டுக்கு எக்ஸ்பைரி கிடையாது, சரிதான், அது செவுத்துல தொங்கும்.

சிஎம்சி ஆஸ்பத்திரி பக்கம் போய் பாருங்க. லாட்ஜ் ரிசப்ஷன்ல நிக்கிற நம்மூர் பையன் பெங்காலில பொளந்து கட்டறான், எந்த கிளாஸுக்கு போனான்? கொல்கத்தால இருந்து வர்றவங்களோட வாடகை பேரம், ஸ்கேன் எங்க எடுக்கறது, மீனு எங்க கிடைக்கும், எல்லாம் அதுலதான் நடக்கணும். பேசலன்னா வேலை நடக்காது. இம்மர்ஷன், அதாவது பாஷைக்குள்ளயே முங்கி கத்துக்கறதுன்னா அவ்ளோதாங்க.

நான் ஸ்பெயின்ல சலமாங்கா போனப்ப ஹாஸ்டல் வேணாம்னு ஒரு குடும்பத்தோட தங்கினேன். 1218ல ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி இருக்குற ஊரு, வெளிநாட்டு பசங்க ஏகப்பட்ட பேரு, இங்கிலீஷ்லயே நாள ஓட்டிடலாம், பணமும் போச்சு. வீட்ல அது நடக்காது. ராத்திரி ஒம்பது மணி நியூஸ் ஓடும், மேசைல உருளைக்கிழங்கும் முட்டையும் போட்ட தோர்த்திய்யா, வீட்டம்மா டிவிய பாத்து கத்துவாங்க, அவங்கப்பா அவங்கள பாத்து கத்துவாரு, யாரும் நமக்காக ஸ்பீட கொறைக்க மாட்டாங்க. நடுவுல பூந்து பேசினாதான் பேச்சு. அப்படி பூந்து பேசறதுக்கு எந்த டெக்ஸ்ட்புக்ல லெசன் இருக்கு?

விசா, டிக்கெட், லீவு, எல்லாருக்கும் முடியாதுதான், ஆனா இங்க இருந்தே செய்யலாம். ஸ்பெயின் ரேடியோ நெட்ல லைவா வருது, காட்பாடி பாலத்து டிராபிக்ல ஒரு முழு பேட்டியே கேட்டுடலாம். சும்மா கேக்காதீங்க, ரேடியோல பேசறவங்க சொல்றதயே ஹெல்மெட்டுக்குள்ள சத்தமா சொல்லிக்கினே வாங்க, பக்கத்து வண்டிக்காரர் ஒரு மாதிரி பாப்பாரு, பாக்கட்டும். அப்புறம் பேச ஆளு வேணும். அவங்க கோடையில ஸ்பெயின் நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி, நம்ம ராத்திரி ஒம்பதரைக்கு அங்க சாயங்காலம் ஆறு, தமிழோ இங்கிலீஷோ கத்துக்க ஆசப்படற ஒருத்தர பிடிங்க, பாதி நேரம் அவங்களுக்கு, பாதி நமக்கு. அர்ஜென்டினா ஆளு கெடச்சா இன்னும் நல்லது, 'நீ'ங்கறதுக்கு 'து'வ விட்டுட்டு 'வோஸ்'னு ஆரம்பிப்பாங்க, வினையும் சேந்து மாறும். 'நீங்கள்லாம்'னு சொல்ற 'வொசோத்ரோஸ்' லத்தீன் அமெரிக்கால பேச்சுல இல்லவே இல்ல, நாமதான் போர்டுல எழுதிக்கினு இருக்கோம். ஒண்ணே ஒண்ணு, பேசற எடத்துல இலக்கணம் விளக்க ஆரம்பிச்சிடாதீங்க, மின்சார கட்டணம், மாமியார், எலெக்ஷன், எதையாவது பேசுங்க.

சரி, கேள்வி இருந்தா கேளுங்க. ஸ்பானிஷ்ல கேக்கறவங்களுக்கு மொதல்ல பதில்.