அட்டவணையில் ஒரு கோடு

வணக்கம் நேயர்களே. மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் கொழும்புக்கு வெளிக்கிட்டேன். முறிகண்டியில் பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு கிளம்பிப் பத்து நிமிடம் ஆகியிருக்காது, மாடு ஒன்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடித்தும் கார் வீதியை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. கச்சான் முழுக்கக் காருக்குள் கொட்டிக் கிடந்தது.

பொனெற்றுக்கும் முன்கண்ணாடிக்கும் காப்புறுதிக் காசு வந்தது. அம்மாவின் கைக்கு ஒரு சதமும் வரவில்லை. “ஃபுல் இன்சூரன்ஸ்தானே கட்டினேன்?” என்று கேட்டேன். முகவர் பத்திரத்தின் அட்டவணையைத் திருப்பிக் காட்டினார். மருத்துவச் செலவு என்ற வரிக்கு நேரே ஒரு சின்னக் கோடு, அதாவது அந்தக் காப்பு இல்லை. கீழே என் கையெழுத்து.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லத்தான் வந்தேன்.

1951ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்புறுதி கட்டாயம். அது எங்களால் பாதிக்கப்படுகிற மற்றவர்களுக்கானது. முழுக் காப்புறுதி எடுத்தால் எங்கள் வாகனத்துக்கும் சேரும். சரி, வாகனத்துக்குள் இருக்கிற எங்கள் உடம்புக்கு? அதற்கான மருத்துவச் செலவுக் காப்பைப் பெரும்பாலும் தனியாகக் கேட்டு, கொஞ்சம் கூடக் கட்டுப்பணம் செலுத்திச் சேர்க்க வேண்டும். பிழை யாருடையது என்று பாராமல், குறித்த எல்லை வரை சிகிச்சைச் செலவைத் திருப்பித் தருவதுதான் இதன் வேலை. மாடு பாய்ந்த விபத்தில் யாரிடம் போய் நட்டஈடு கேட்பது?

பெரியாஸ்பத்திரி இலவசம்தானே என்பீர்கள். உண்மைதான். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸும் காசு கேட்காமல் வரும். அம்மாவுக்கு மாவுக்கட்டுப் போட்டதும் அரசாங்க ஆஸ்பத்திரியில்தான். அந்த வைத்தியர்களை நான் மறக்கமாட்டேன். செலவு பிறகுதான் தொடங்கியது. வெளியே எடுத்த ஸ்கான், எலும்பு வைத்தியரைச் சனல் பண்ணிய காசு, கிழமைக்கு இரண்டு தரம் பிசியோதெரபி, ஒவ்வொரு தரமும் ஓட்டோக் கூலி. பற்றுச்சீட்டுகளை அம்மா ஒரு பால்மாப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருந்தார். பெட்டி நிரம்பியது.

இன்னொன்று. தனிநபர் விபத்து நன்மை என்று பத்திரத்தில் இருந்தால் அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் தருகிற தொகை. ஆறிவிடுகிற மணிக்கட்டு அதற்குள் வராது.

முகவரிடம் கேளுங்கள்: எல்லை ஆளுக்கா, வாகனம் முழுவதற்குமா? எத்தனை பேருக்கு? வாடகை ஓட்டத்திலும் செல்லுமா? ஓட்டோக் கூலி போன்றவை சேருமா? மூலப் பற்றுச்சீட்டுகளை எத்தனை நாளுக்குள் கொடுக்க வேண்டும்?

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க எப்படியும் காப்புறுதிச் சான்றிதழைத் தேடி எடுப்பீர்கள். அப்போது அட்டவணையையும் விரித்து வைத்து, அந்த வரிக்கு நேரே தொகை இருக்கிறதா, கோடு இருக்கிறதா என்று பாருங்கள். கோடு என்றால், அடுத்த பத்திரத்தில் கையெழுத்து வைக்க முன்னரே முகவரைக் கூப்பிடுங்கள்.

நன்றி, வணக்கம்.