லாபக் கணக்கில் நாலு ஆப்ஷனும் சரியாகத்தான் தெரியும்

வணக்கம் மக்களே. காற்று பலமாக அடிக்கிறது, மைக்கில் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊரில் கடற்கரை ஓரமாக உட்கார்ந்து வீடியோ எடுத்தால் இப்படித்தான் இருக்கும். கமெண்டில் நிறையப் பேர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். லாப நட்டக் கணக்குக்கு ஷார்ட்கட் எல்லாவற்றையும் ஒரே வீடியோவில் போடுங்கள் அண்ணா என்று. போடுகிறேன். ஆனால் இருபது ஷார்ட்கட்டை மனப்பாடம் செய்துவிட்டு, பரீட்சை ஹாலில் எதை எதற்குப் போடுவது என்று முழிக்கிறவர்கள்தான் அதிகம். அதனால் இன்றைக்கு ஒரே ஒரு கேள்வியைத்தான் உங்களிடம் ஒப்படைக்கப் போகிறேன். கணக்கில் சதவீதம் என்று எங்கே பார்த்தாலும் கேளுங்கள்: இங்கே நூறு எது, அதாவது எந்தத் தொகையை நூறாக வைத்து இந்தச் சதவீதத்தை எடுத்தது?

ஒரு கணக்கு சொல்கிறேன், பேனாவை எடுங்கள். மீன் வியாபாரி ஒருவர் ஏலத்தில் ஒரு பெட்டி மீனை 2400 ரூபாய்க்கு எடுக்கிறார். ஐஸுக்கு 100, ராமநாதபுரம் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக லோடு ஆட்டோவுக்கு 500. அங்கே மொத்தமாக 3600க்கு விற்கிறார். லாப சதவீதம் என்ன? ஆப்ஷன்கள்: 50, 25, 20, பதினாறே இரண்டு பை மூன்று.

இந்த நாலில் எதுவுமே சும்மா போட்ட எண் இல்லை. ஐஸையும் ஆட்டோவையும் மறந்துவிட்டால் லாபம் 1200, அதை 2400ஆல் வகுத்தால் 50 வரும். செலவைக் கழித்து லாபம் 600 என்று சரியாகக் கண்டுபிடித்துவிட்டு, வகுக்கும்போது மட்டும் பழைய 2400ஐயே போட்டால் 25. விற்ற விலை 3600ஆல் வகுத்தால் பதினாறே இரண்டு பை மூன்று. அடக்க விலை என்றால் பொருள் விற்பனைக்குத் தயாராகிற வரைக்கும் கையை விட்டுப் போன மொத்தப் பணம், 2400 கூட்டல் 600, ஆக 3000. அதுதான் நூறு. 600ஐ 3000ஆல் வகுத்தால் 20 சதவீதம். கேள்வி எடுக்கிறவர் நாம் எங்கெங்கே வழுக்குவோம் என்று பார்த்து அங்கங்கே ஒரு ஆப்ஷனைப் போட்டு வைத்திருக்கிறார். நம் விடை ஆப்ஷனில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு டிக் அடித்துவிடாதீர்கள்.

சரி, இதையே திருப்பிக் கேட்டால்? 20 சதவீத லாபத்தில் ஒரு பொருளை 720க்கு விற்றார், அடக்க விலை என்ன. உடனே 720இல் 20 சதவீதம் 144, கழித்தால் 576 என்று எழுதுகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. 20 சதவீதம் அடக்க விலையில் எடுத்தது, நீங்கள் அதை விற்ற விலையில் எடுத்தால் எப்படி? இங்கே பின்னமாக மாற்றிக்கொள்ளுங்கள். 20 சதவீதம் என்றால் ஐந்தில் ஒன்று. அடக்கம் 5 பங்கு, லாபம் 1 பங்கு, விற்றது 6 பங்கு. 6 பங்கு 720, ஒரு பங்கு 120, அடக்கம் 600. பேப்பரே வேண்டாம். பன்னிரண்டரை சதவீதம் என்றால் எட்டில் ஒன்று, அடக்கம் 8, விற்றது 9. பதினாறே இரண்டு பை மூன்று என்றால் ஆறில் ஒன்று, 6க்கு 7. நட்டமாக இருந்தால் கீழே இறங்க வேண்டும், 20 சதவீத நட்டம் என்றால் 5க்கு 4. இந்தப் பின்னங்களை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள், மனப்பாடத்துக்கு இவ்வளவு போதும்.

இப்போது கருவாட்டுக்கு வருவோம், இந்த மாதிரிக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் நிறைய மார்க்கை விடுகிறார்கள். இந்தப் பக்கம் மணலில் வலையை விரித்துக் கருவாடு காயப்போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், காயக் காய எடை இறங்கும், போட்ட காசு இறங்காது. கணக்கு இதுதான், எண்கள் வகுக்க வசதியாக நான் போட்டது: 60 கிலோ பச்சைக் காரல் மீன், கிலோ 50 ரூபாய். உப்புக்கும் காயப்போடும் கூலிக்கும் சேர்த்து 360 ரூபாய். காய்ந்த பிறகு எடை போட்டால் 24 கிலோ. 25 சதவீத லாபம் வேண்டும் என்றால் கருவாட்டைக் கிலோ என்ன விலைக்கு விற்க வேண்டும்?

கிலோ 50, அதற்கு 25 சதவீதம் கூட்டி அறுபத்து இரண்டரை என்று ஆரம்பித்தீர்களோ, கணக்கு அங்கேயே முடிந்தது. அந்த 50 பச்சை மீனின் கிலோ விலை, விற்கப் போவது கருவாடு. மொத்தமாகப் பாருங்கள். 60 பெருக்கல் 50, 3000. கூலியும் உப்பும் சேர்ந்தால் 3360. இந்த 3360 இப்போது 24 கிலோவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, ஆக ஒரு கிலோ கருவாட்டின் அடக்கம் 140. அதில் நாலில் ஒரு பங்கு 35. விலை 175. இவ்வளவுதான். எடை பாதிக்கு மேல் போய்விட்டதே, அப்போது நட்டம்தானே என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். எடை குறைவது வேறு, காசு குறைவது வேறு தம்பி. 24 கிலோவை 175க்குப் பெருக்கிப் பாருங்கள், 4200 வரும், போட்டது 3360, மிச்சம் 840, அது 3360இல் சரியாகக் கால் பங்கு. விடையை இப்படி ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்க்க அரை நிமிஷம் கூட ஆகாது.

அடுத்து ராமேஸ்வரம் கடைத்தெரு. சங்கு, சோழி மாலை விற்கிற கடையில் போர்டு தொங்கும், 25 சதவீதம் தள்ளுபடி என்று. கணக்கில் என்ன வரும் என்றால், அடக்க விலைக்கு மேல் 40 சதவீதம் ஏற்றி விலை குறித்து, அதில் 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் லாபம் எவ்வளவு. 40இல் 25 போனால் 15 என்று சொல்லத் தோன்றும். 40க்கு நூறு அடக்க விலை, 25க்கு நூறு குறித்த விலை, இரண்டும் வேறு வேறு நூறு, எப்படிக் கழிப்பீர்கள்? அடக்கம் 100 என்று வையுங்கள், குறித்த விலை 140, அதில் கால்வாசி 35, விற்றது 105. லாபம் வெறும் 5 சதவீதம்.

ஒரே விலைக்கு இரண்டு பொருளை விற்று ஒன்றில் 10 சதவீத லாபம், இன்னொன்றில் 10 சதவீத நட்டம் என்று வந்தால் எப்போதும் நட்டம்தான், 10ஐ வர்க்கம் எடுத்து 100ஆல் வகுங்கள், 1 சதவீதம். சந்தேகம் இருந்தால் இரண்டு வலையை ஒவ்வொன்றும் 9900 என்று விற்றுப் பாருங்கள், ஒன்றின் அடக்கம் 9000, மற்றதின் அடக்கம் 11000, போட்டது 20000, வந்தது 19800. அதேபோல 12 பாக்கெட்டின் அடக்க விலை 10 பாக்கெட்டின் விற்ற விலைக்குச் சமம் என்றால், 2ஐ 10ஆல் வகுக்க வேண்டும், 12ஆல் இல்லை, ஏனென்றால் விற்றது பத்துதான். 20 சதவீதம். கிலோவுக்குப் பதில் 900 கிராம் எடைக்கல்லை வைத்து அடக்க விலைக்கே விற்கிறேன் என்று சொல்லும் வியாபாரி கணக்கும் இதே ஜாதிதான், அவர் கையை விட்டுப் போனது 900, ஏமாற்றியது 100, பதினொன்றே ஒன்று பை ஒன்பது சதவீதம்.

விலை ஏற்ற இறக்கக் கணக்கு ஒன்று மட்டும் பாக்கி. ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, மீன் விலை ஏறும், இது நம் ஊரில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கிலோ 400 விற்ற மீன் 25 சதவீதம் ஏறி, தடை முடிந்ததும் 25 சதவீதம் இறங்கினால் பழைய 400க்கே வருமா? வராது. ஏறினது 400இல், 500 ஆனது. இறங்கினது 500இல், 125 போய் 375.

பரீட்சை விஷயமாக இரண்டு வார்த்தை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4இல் 200 கேள்வியில் திறனறிவுப் பகுதி 25, ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், தவறான விடைக்கு மார்க் கழிப்பது கிடையாது, அதனால் விடை தெரியவில்லை என்கிற ஐந்தாவது வட்டத்துக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள், இரண்டு ஆப்ஷனையாவது தள்ளிவிட்டு ஒன்றைப் போடுங்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் கட்டத் தேர்வில் அப்படி இல்லை, தவறுக்கு அரை மார்க் போகும், 60 நிமிஷத்தில் 100 கேள்வி, அங்கே பின்ன முறை தெரியாமல் போகவே கூடாது. இரண்டுக்கும் அடிப்படை வேண்டும் என்றால் சமச்சீர் எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வாழ்வியல் கணிதம் என்ற பாடத்தை ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். காசு கொடுத்து வாங்குகிற கைடு எல்லாம் அதற்கு அப்புறம்.

வீட்டுக்கணக்கு இது. ஒருவர் 40 கிலோ நண்டு கிலோ 300 ரூபாய்க்கு வாங்குகிறார், வழியில் 4 கிலோ செத்துக் கெட்டுப்போகிறது. மிச்சத்தை என்ன விலைக்கு விற்றால் மொத்தத்தில் 20 சதவீத லாபம்? கமெண்டில் விடையைப் போடுங்கள். 390 என்று போடப்போகிறவர்கள் மட்டும், கெட்டுப்போன 10 சதவீதத்தையும் லாபம் 20 சதவீதத்தையும் எந்த நூறில் கூட்டினீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.