சிகாகோ கறி ஆலையும் எங்கள் ஊர் டேனரியும்

வணக்கம். காலை ஆறரை மணி. ஆற்காட்டுக்கும் இராணிப்பேட்டைக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறேன். லாரி போகும்போது சத்தம் இரையும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு ஊர் சுற்றிக் காட்டப் போவதில்லை. ஒரு நாவலைப் பற்றிப் பேச வேண்டும். படித்து முடித்துப் பத்து நாள் ஆகிறது, மனசை விட்டுப் போகவே இல்லை.

நாவலின் பெயர் 'தி ஜங்கிள்'. எழுதியவர் அப்டன் சின்க்ளேர். 1905-ல் ஒரு சோஷலிசப் பத்திரிகையில் தொடராக வந்தது, 1906-ல் புத்தகமானது. சிகாகோவில் மாடும் பன்றியும் வெட்டிக் கறியை டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலைகள் இருந்தன. அங்கே பிழைக்கலாம் என்று லிதுவேனியாவில் இருந்து கப்பலேறி வந்த ஒரு குடும்பத்தின் கதை இது. யூர்கிஸ் என்று ஒரு வாலிபன், அவன் கட்டிக்கொள்ளும் ஓனா, அவனுடைய வயசான அப்பா, ஓனாவின் சித்தி, சித்தியின் பிள்ளைகள். யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது.

எழுதுவதற்கு முன்னால், 1904-ல், சின்க்ளேர் அந்தப் பேட்டையில் ஏழு வாரம் தங்கினார். பழைய துணியைப் போட்டுக்கொண்டு கையில் ஒரு சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டால் போதும், எங்கே வேண்டுமானாலும் போய்வர முடிந்ததாம். தூக்கோடு போகிறவனை யாரும் நிறுத்திக் கேட்கவில்லை. இப்போது எனக்குப் பின்னால் பாருங்கள், சைக்கிளில் நாலு பேர் சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் போகிறார்கள். ஹேண்டில்பாரில் தூக்கு தொங்குகிறது. நான் கேமராவோடு அந்தக் கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேன் விரட்டிவிடுவார்.

சரி, நான் ஏன் இதை இங்கே நின்று பேசுகிறேன் என்றால், என் அப்பா இருபத்திரண்டு வருஷம் டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்தவர். கம்பெனி பெயர் வேண்டாம். நாவலில் யூர்கிஸுக்குக் கடைசியில் உர ஆலையில் வேலை கிடைக்கிறது. வேறு வேலை கிடைக்காதவன்தான் அங்கே போவான். எலும்பும் ரத்தமும் கழிவும் அரைத்த தூள் உடம்பெல்லாம் ஏறிவிடும். முதல் நாள் வேலை முடிந்து டிராமில் ஏறுகிறான். பக்கத்தில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள், முறைக்கிறார்கள், அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள். அன்றைக்கு அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏழாவது படிக்கும்போது ஒருநாள் அப்பாவோடு சிப்காட் பஸ்ஸில் வந்தேன். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பஸ் நிறைய ஆள் நிற்கிறது, மூன்றாவது இடத்தில் யாரும் உட்காரவில்லை. அப்பா ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு வாலாஜா வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து லைஃப்பாய் சோப்பைப் போட்டு இரண்டு தரம் குளிப்பார். அப்போதும் நகக்கண்ணில் பச்சைத் தோல் வாடை இருக்கும். விரல் இடுக்கில் சுண்ணாம்பு தின்ற புண், குழம்புக் காரம் பட்டால் எரியும். அதனால் சோற்றைக் கையால் பிசைய மாட்டார், கரண்டியில்தான் சாப்பிடுவார். விருந்துக்குப் போனால் மட்டும் எல்லோரும் பார்க்கிறார்களே என்று கையால் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

யூர்கிஸின் அப்பா கதையும் இதுதான். வயசாகிவிட்டது என்று ஒரு ஆலையும் சேர்ப்பதில்லை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு எனக்குத் தந்தால் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒருவன் வருகிறான். கிழவர் ஒத்துக்கொள்கிறார். கறி ஊறவைக்கும் கிடங்கில் தரை துடைக்கிற வேலை. ரசாயனத் தண்ணீர் பூட்ஸுக்குள் இறங்கி, கால் புண்ணாகி, இருமல் பிடித்துச் செத்துப்போகிறார். மூன்றில் ஒரு பங்கு என்று படித்ததும் எனக்கு நம் ஊர் காண்டிராக்டர் கமிஷன்தான் ஞாபகம் வந்தது.

நாவலில் ஒரு கிழவி பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அந்தப் பேட்டையின் கதையைச் சொல்கிறாள். முதலில் ஜெர்மன்காரர்களைக் கொண்டுவந்தார்களாம், அப்புறம் ஐரிஷ்காரர்கள், பொஹிமியர்கள், போலந்துக்காரர்கள், பிறகு லிதுவேனியர்கள், இப்போது ஸ்லோவாக்கியர்கள். முன்னால் வந்தவன் கூலி கூடக் கேட்டால், அடுத்த நாட்டில் இருந்து இன்னும் குறைந்த கூலிக்கு ஆள் வரும். இதை நம் ஊர் ஆட்கள் தயவுசெய்து இரண்டு தரம் படிக்க வேண்டும். அப்பா இருந்த இடத்தில் இப்போது மேற்கு வங்கம், பீகார், ஒடிசாப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று சொல்லி, நம் வேலையைப் பிடுங்க வந்தவன் என்று டீக்கடையில் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. கூலியைக் குறைத்தவன் யார், ஊர்விட்டு ஊர் வந்து ஒரே ரூமில் பத்துப் பேர் படுக்கிற பையனா? வெளிமாநிலத் தொழிலாளிக்கு அவன் மொழியிலேயே பாஸ்புக் எழுதித் தர வேண்டும் என்று 1979 சட்டத்திலேயே இருந்தது. நான் பேசிப் பார்த்த ஒருவர் கையிலும் அது இல்லை.

புத்தகம் வந்ததும் அமெரிக்கா கொந்தளித்தது. அதிபர் ரூஸ்வெல்ட் ஆலைகளைப் பார்த்துவர ஆள் அனுப்பினார். 1906 ஜூன் 30-ம் தேதி கறி ஆய்வுச் சட்டமும் உணவு, மருந்துக் கலப்படத்துக்கு எதிரான சட்டமும் ஒரே நாளில் கையெழுத்தாயின. ஆனால் ஜனங்கள் கொதித்தது தங்கள் தட்டில் என்ன கறி விழுகிறது என்பதற்காக. அந்தக் கிழவரின் காலுக்காக ஒரு சட்டமும் அன்றைக்கு வரவில்லை. மக்களின் இதயத்தைக் குறிவைத்தேன், தவறிப்போய் வயிற்றில் பட்டுவிட்டது என்று சின்க்ளேரே பிறகு எழுதினார்.

இங்கே நடந்ததும் அதேதான் என்று நினைக்கிறேன். 1996-ல் உச்ச நீதிமன்றம் நம் டேனரிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அப்போது நாம் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம். டேனரிக் கழிவால் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் கெட்டுப்போனதைத் தீர்ப்பு பதிவு செய்கிறது. மாசு செய்தவனே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கைக்கு இன்றும் எல்லோரும் காட்டுகிற வழக்கு அது. அவசியமான வழக்கு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் மாமா வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. ஆனால் கிணற்றையும் வயலையும் ஆற்றையும் பற்றிப் பேசிய அளவுக்கு, தொட்டிக்குள் நின்றவனின் தோலைப் பற்றி நாம் பேசவில்லை.

2015 ஜனவரி 31, விடிவதற்கு முன்னால், இதே சிப்காட்டில் டேனரிகளின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. 10 பேர் செத்துப்போனார்கள், பெரும்பாலோர் மேற்கு வங்கத்தில் இருந்து வந்தவர்கள். அன்றைக்கு நம் ஊர் முழுக்க அதே பேச்சு. இன்றைக்கு அந்தப் பத்துப் பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? எனக்கே தெரியாது.

தமிழில் இப்படி நாவல் இல்லாமல் இல்லை. டி. செல்வராஜ் 'தோல்' எழுதினார், திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளைப் பற்றி. அவர் அந்த ஊரில் வக்கீலாக இருந்தவர். 2012-ல் அதற்குச் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஒன்று சொல்ல வேண்டும், 'தி ஜங்கிள்' கடைசி அத்தியாயங்களில் மேடைப் பிரசங்கமாகிவிடுகிறது, ஆட்கள் காணாமல் போய்க் கொள்கை மட்டும் பேசுகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. முதல் பாதிக்கு முன்னால் அது ஒரு குறையே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டீக்கடையில் மேற்கு வங்கத்து மால்டா பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் எனக்குத் தெரிந்த இந்தியில் இந்தக் கதையைச் சொன்னேன். டேனரியில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் வேலை செய்கிறவர், இருபத்தாறு வயசு, ஊரில் மூன்று வயசுப் பெண் குழந்தை. டிராம் கதையைச் சொன்னதும் சட்டென்று தன் சட்டைக் கையை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அப்புறம், "அண்ணா, அவனுக்குப் பிள்ளை இருக்கா?" என்று கேட்டார். இருக்கு, ஆண் குழந்தை என்றேன். "அது என்ன ஆச்சு?"

வீட்டு வாசலில், தெருவில் தேங்கி நின்ற தண்ணீரில் அந்தக் குழந்தை மூழ்கிச் செத்துப்போகிறது. நான் சொல்லவில்லை. இன்னும் அதுவரைக்கும் படிக்கவில்லை என்றேன். படித்துவிட்டு அடுத்த ஞாயிறு வந்து சொல்லுங்கள் என்று சொல்லி, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

நாளைக்கு ஞாயிறு.