500 கையெழுத்து

நேயர்களுக்கு வணக்கம்.

ஹூஸ்டன் பக்கம் வந்து இருபது வருடமாகிறது. பேர்லண்ட் மீனாட்சி அம்மன் கோயில் எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று அப்போதே கேட்டிருந்தால் முழித்திருப்பேன். பிரசோரியா கவுண்டி. கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி. டெக்சாஸில் மொத்தம் 254 கவுண்டிகள். நகர எல்லைக்கு வெளியே ரோடு போடுவது, சிறைக்குப் பணம் ஒதுக்குவது, கவுண்டியின் சொத்துவரி விகிதத்தை முடிவுசெய்வது எல்லாம் கமிஷனர்ஸ் கோர்ட் கையில். பேர்தான் கோர்ட். நான்கு கமிஷனர்கள், தலைமைக்கு ஒரு கவுண்டி ஜட்ஜ். அந்த ஜட்ஜ் சட்டம் படித்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு மழைக்குக் கணுக்கால் தண்ணீர் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அமெரிக்கர், அந்தக் கோபத்தில்தான் கமிஷனர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கப்போவதாகச் சொன்னார். எனக்குச் சொந்த ஊர் ஈரோடு. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்ததைப் பார்த்த ஊர்க்காரன். அதனால், "நில்லுங்கள், ஒரு மனு கொடுத்தால் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன். எவ்வளவு தப்பு!

நவம்பரில் தேர்தல் என்றால், முந்தைய டிசம்பரிலேயே "நிற்கப்போகிறேன்" என்று எழுதிக் கொடுத்தாக வேண்டும். கவுண்டிப் பதவி என்றால் அதைக் கவுண்டி ஜட்ஜிடம்தான் கொடுக்க வேண்டும். ஜட்ஜ் பதவிக்கே அவரை எதிர்த்து நிற்பவர் தன் போட்டியாளரிடமே போய்க் கொடுக்க வேண்டும். அப்புறம் வாக்காளர்களின் கையெழுத்து. கடந்த கவர்னர் தேர்தலில் அந்தப் பகுதியில் பதிவான வாக்குகளில் 5 சதவீதம், அல்லது 500, எது குறைவோ அது. எங்களுக்கு 500. மார்ச்சில் கட்சிகளின் பிரைமரி, அதாவது கட்சி வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே முடிவுசெய்யும் முதல்கட்டத் தேர்தல், முடியும்வரை ஒரு கையெழுத்துகூட வாங்கக்கூடாது. அந்தப் பதவிக்குப் பிரைமரியில் மறுசுற்று வந்தால் மே மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டும். அப்படி வந்துவிட்டால் மிச்சம் இருப்பது முப்பதே நாள். எங்களுக்கு வந்தது.

ஜூன் வெயிலில் அட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போனோம். கையெழுத்து வாங்கும் முன் மனுவில் உள்ள உறுதிமொழியை ஒவ்வொருவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டும், அது சட்டம். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, ஹோஸைக் கீழே போடாமலே முழுவதையும் கேட்டார். "இந்தப் பதவிக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த கட்சியின் பிரைமரியில் நான் வாக்களிக்கவில்லை" என்ற வரிக்கு வந்ததும் கையை ஆட்டிவிட்டார். "நான் போட்டேனே, எப்போதும் போடுவேன்!"

இங்கேதான் விஷயம். ஊர் அரசியலில் அக்கறை உள்ளவர்கள் பிரைமரிக்குப் போய்விடுகிறார்கள். போனவர்கள் கையெழுத்துப் போட முடியாது. அப்போது சுயேச்சை யாரிடம் போவது? "கமிஷனரா, அது என்ன?" என்று கேட்பவர்களிடம்தான். ஒரு கையெழுத்துக்கு ஒரு பாடமே நடத்த வேண்டியிருந்தது. நவம்பரில் அந்த அம்மா தாராளமாக இவருக்கு ஓட்டுப் போடலாம், அதற்குத் தடை கிடையாது. பெயரைச் சீட்டில் ஏற்றத்தான் அவர் உதவ முடியாது. இதை யார் யோசித்து எழுதினார்களோ, கட்சிக்காரர்கள் கெட்டிக்காரர்கள்தான்.

ராத்திரி இன்னொரு வேலை. கையெழுத்துப் போட்டவர்கள் உண்மையிலேயே பதிவான வாக்காளர்களா என்று ஒவ்வொரு பெயராகப் பட்டியலில் தேட வேண்டும். முதல் வாரம் தேதி எழுத மறந்த தாள்கள் என்னுடையவை. பென்சிலால் அடித்துக்கொண்டே போனார் அவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தாள்களோடு திரும்பவும் அதே கதவுகளைத் தட்டினேன். கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் கொடுத்துவிட்டோம். ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரே பொத்தானை அழுத்தி மொத்தக் கட்சிக்கும் ஓட்டுப் போடும் வசதியை டெக்சாஸ் 2020 தேர்தலோடு எடுத்துவிட்டது. அது இருந்திருந்தால் பலர் இவர் பெயர்வரை வந்தே இருக்க மாட்டார்கள். வந்தும் தோற்றார், நன்றாகவே தோற்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, தெருவோரம் நட்ட விளம்பர அட்டைகளைப் பிடுங்கக் கிளம்பினார். நான் வண்டி ஓட்டினேன். அட்டைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்தக் கம்பிகளை மட்டும் தனியே கட்டி எடுத்துக்கொண்டார். தக்காளிச் செடிக்கு முட்டுக்கொடுக்க ஆகுமாம்.